மருத்துவ அறக்கட்டளைக் குழுவில் வக்கீல்: வாசகர் கேள்வி பதில்

இந்த இதழில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட வாசகர்களின் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கும் ஊர் என்பதால் நோயாளிகளுக்குக் கைகொடுக்கும் சிறு அமைப்புகளும் இந்தப் பக்கத்தில் நிறைய. அவற்றின் நிர்வாகக் குழுவில் இப்போது வக்கீல்களையும் விரும்பிச் சேர்க்கிறார்கள். சேர்ந்த பிறகு யார் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதில்தான் குழப்பம். ஒரு வழக்கறிஞரும் ஒரு பட்டயக் கணக்காளரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

கேள்வி: வேலூர் நீதிமன்றத்தில் வணிக வழக்குகள் நடத்துகிறேன். ஒப்பந்தத் தகராறு, காசோலை வழக்கு, வங்கிக் கடன், இவைதான் என் வேலை. சிறுநீரக நோயாளிகளுக்கு உதவும் ஓர் அறக்கட்டளை என்னைக் கௌரவ அறங்காவலராகச் சேரச் சொல்கிறது. சம்பளம் கிடையாது. பார் கவுன்சில் விதிகள் இதற்கு இடம் தருகின்றனவா? அறக்கட்டளைக்கு வழக்கு வந்தால் நானே பணம் வாங்காமல் ஆஜராகலாமா?
(காட்பாடி வாசகர்)

பதில்: சேரலாம். ஆஜராகக் கூடாது.

இந்திய பார் கவுன்சில் விதிகளில் வழக்கறிஞர் நடத்தையைப் பற்றிய பகுதியில் 8-ஆவது விதியை ஒருமுறை படித்துவிடுங்கள். ஒரு நிறுவனத்தின், சங்கத்தின், அமைப்பின் செயற்குழுவில் உறுப்பினராக இருக்கும் வழக்கறிஞர், அந்த அமைப்புக்கு ஆதரவாகவோ எதிராகவோ எந்த நீதிமன்றத்திலும் தீர்ப்பாயத்திலும் வேறு எந்த அதிகாரி முன்பும் ஆஜராகக் கூடாது. செயற்குழு என்று பெயர் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பொது நிர்வாகம் யார் கையில் இருக்கிறதோ அந்தக் குழு எல்லாம் இதில் அடக்கம். அறங்காவலர் குழு இதற்குள் நேராக வந்து விழுகிறது. ‘பணம் வாங்கவில்லையே’ என்ற சமாதானம் எடுபடாது. கட்டணமில்லாமல் ஆஜராகலாம் என்ற விலக்கு பார் கவுன்சிலுக்கும் வழக்கறிஞர் சங்கங்களுக்கும்தான் தரப்பட்டிருக்கிறது, அறக்கட்டளைகளுக்கு இல்லை. நுகர்வோர் ஆணையமும் வருமான வரி அதிகாரியின் விசாரணையும்கூட ‘வேறு அதிகாரி’ என்பதற்குள் வந்துவிடும். எனவே வகாலத்து இன்னொருவர் பெயரில்தான் இருக்க வேண்டும். வக்கீல் நோட்டீஸ் அனுப்புவது ஆஜராவது ஆகாது என்று வாதிடலாம். ஆனாலும் உங்கள் லெட்டர்ஹெட்டில் அனுப்பாதீர்கள். நாளைக்கே அது வழக்காக மாறினால் எதிர்த்தரப்பு முதலில் தூக்கிக் காட்டப்போவது அந்தத் தாளைத்தான்.

48-ஆவது விதி: வழக்கறிஞர் ஒரு கம்பெனியின் இயக்குநராகவோ இயக்குநர் குழுத் தலைவராகவோ இருக்கலாம், வழக்கமான கூட்டக் கட்டணமும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அன்றாட நிர்வாகப் பொறுப்பு எதையும் ஏற்கக் கூடாது. நிர்வாக இயக்குநர், கம்பெனிச் செயலாளர் பதவிகளுக்கு அறவே இடமில்லை. உங்கள் அமைப்பு கம்பெனிச் சட்டம் 8-ஆவது பிரிவின்படி லாப நோக்கமில்லாத கம்பெனியாகப் பதிவானது என்றால் இது அப்படியே பொருந்தும். அறக்கட்டளை, சங்கம் என்றால் விதியின் சொற்கள் நேரடியாகத் தொடவில்லை. இருந்தாலும் செயலாளர், பொருளாளர் பதவியையும் காசோலைக் கையெழுத்தையும் தவிர்ப்பதே எங்கள் ஆலோசனை. சம்பளம் வாங்கும் முழுநேர ஊழியராக ஆனால் 49-ஆவது விதி வந்து நிற்கும், தொழிலையே நிறுத்திவைக்க வேண்டியிருக்கும்.

உங்களைப் போன்ற வணிக வழக்கறிஞருக்கு இதைவிடக் கூர்மையான சிக்கல் கட்சிக்காரர் பக்கத்திலிருந்து வரும். நன்கொடை தரும் ஷூ கம்பெனி உங்கள் கட்சிக்காரராக இருக்கலாம்; டயாலிசிஸ் செய்து தரும் ஆஸ்பத்திரியின் கடன் பத்திரத்தை நீங்களே எழுதியிருக்கலாம். சேரும்போதே, பெயர் சொல்லாமல் துறையை மட்டும் குறிப்பிட்டாவது, எந்தெந்த விஷயங்களில் விலகி நிற்பீர்கள் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். கட்சிக்காரர் உங்களிடம் நம்பிச் சொன்னதைக் குழுவில் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. குழுவில் கேட்டதைக் கட்சிக்காரருக்குச் சொல்லவும் உரிமை இல்லை. இரண்டும் மோதும் இடத்தில் கூட்டத்தை விட்டு வெளியே போய் உட்காருவது ஒன்றுதான் வழி. வெளியே போன நேரமும் திரும்பி வந்த நேரமும் மினிட்ஸில் (கூட்டக் குறிப்பேட்டில்) ஏற வேண்டும்.

இன்னொன்றைப் பலர் யோசிப்பதே இல்லை. வக்கீலிடம் கட்சிக்காரர் பேசியது ரகசியம் என்ற பாதுகாப்பு, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 132-ஆவது பிரிவில் இருக்கிறது. அந்தப் பாதுகாப்பு வக்கீல் என்ற முறையில் நடந்த பேச்சுக்குத்தான். அறங்காவலராகக் கூட்டத்தில் நீங்கள் சொல்லும் கருத்து மற்ற எட்டுப் பேர் சொல்வதைப் போன்ற இன்னொரு கருத்து, அவ்வளவுதான்; நீதிமன்றம் மினிட்ஸ் புத்தகத்தைக் கேட்டால் அதுவும் சேர்ந்தே போகும். அறக்கட்டளைக்கு உண்மையிலேயே சட்ட ஆலோசனை தேவைப்படும் விஷயத்தில் வெளியிலிருந்து ஒரு வக்கீலை வைத்து எழுத்தில் வாங்குங்கள். அவர் எழுதியது சரியா என்று படித்துச் சொல்ல நீங்கள் இருக்கிறீர்கள், அதற்கு மேல் ஒரு அறக்கட்டளைக்கு என்ன வேண்டும்?

வழக்கு நடத்தித் தருவதுதான் உங்கள் ஆசை என்றால் அறங்காவலர் ஆகாதீர்கள். குழுவுக்கு வெளியே கௌரவ சட்ட ஆலோசகராக இருங்கள். இரண்டில் ஒன்று.

கேள்வி: புற்றுநோயாளிகளுக்கு உதவும் சங்கம் ஒன்று என்னை நிர்வாகக் குழுவுக்கு அழைக்கிறது. ஒப்புக்கொள்வதற்கு முன் எந்தெந்தக் காகிதங்களைக் கேட்டு வாங்க வேண்டும்?
(ராணிப்பேட்டை வாசகர்)

பதில்: முதல் கேள்வி, அது என்ன வகை அமைப்பு? பதிவு செய்த அறக்கட்டளை என்றால் பத்திரம். சங்கம் என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி பதிவுச் சான்றும் பைலா எனும் சங்க விதிகளும். 8-ஆவது பிரிவுக் கம்பெனி என்றால் மெமோராண்டம், ஆர்ட்டிகிள்ஸ் எனும் அதன் அமைப்பு விதிகள். ‘டிரஸ்ட்’ என்று போர்டு மாட்டிக்கொண்டு காகிதத்தில் சங்கமாக இருக்கும் அமைப்புகள் உண்டு. போர்டை நம்பி முடிவுக்கு வராதீர்கள்.

பத்திரத்தில் மூன்று இடங்களில் விரலை வையுங்கள். நோக்கம், செயல்படும் எல்லை, அறங்காவலரை நியமிக்கும் அதிகாரம் யாருக்கு என்பது. எல்லை விஷயத்தில் நம் பகுதிக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. 1989-இல் வட ஆற்காடு பிரிந்தது; 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. ‘வேலூர் மாவட்டத்திற்குள்’ என்று எழுதிய பழைய பத்திரத்தை வைத்துக்கொண்டு இன்று வாலாஜாவிலும் ஆலங்காயத்திலும் முகாம் நடத்துகிறார்கள். பத்திரம் எழுதிய நாளின் மாவட்டம்தான் பொருள் என்று வாதிட இடம் உண்டு. ஆனால் கம்பெனி நிதியோ அரசு நிதியோ கேட்கும்போது அதிகாரி அந்த வரியில்தான் பேனாவை வைப்பார். பைலா என்றால் திருத்தம் செய்வது சுலபம். பத்திரம் என்றால், திருத்தும் அதிகாரம் அதிலேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

சங்கமாக இருந்தால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கடைசியாகத் தாக்கல் செய்த படிவம் 7-இன் சான்று நகலைக் கேளுங்கள். நிர்வாகிகள் மாறியதைத் தெரிவிக்கும் படிவம் அது. மூன்று தேர்தல் முடிந்திருக்கும், படிவம் போயிருக்காது. பதிவேட்டில் காலமானவர் இன்னும் தலைவராக இருப்பார். அன்றைக்கு வங்கி புதியவரின் கையெழுத்தை ஏற்காது, ஊழியருக்குச் சம்பளம் போகாது, நோயாளிக்கு மருந்தும் போகாது.

பிறகு மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை, நிலுவை வழக்குகள், வரி நோட்டீஸ்கள், வங்கியில் கையெழுத்து யார் யார் என்ற கடிதம், கட்டட வாடகை ஒப்பந்தம், மினிட்ஸ் புத்தகம். மினிட்ஸில் பக்க எண் இருக்கிறதா, ஒரே பேனாவில் ஒரே நாளில் ஓராண்டுக் கூட்டங்களையும் எழுதியதுபோல் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். அது எந்தத் தணிக்கை அறிக்கையும் சொல்லாததைச் சொல்லிவிடும்.

வருமான வரிப் பதிவுகளின் காலாவதித் தேதியைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். 12ஏ (அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை) என்று பேச்சில் வழங்கும் இரண்டும் இப்போது நிரந்தரம் இல்லை. பொதுவாக ஐந்து ஆண்டு. விலக்குக்கு முந்தைய மொத்த வருமானம் முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் ஐந்து கோடி ரூபாயைத் தாண்டாத அமைப்புகளுக்கு, 2025 ஏப்ரலில் வந்த மாற்றத்தின்படி, 12ஏ பதிவு பத்து ஆண்டாக நீள்கிறது. 80ஜி அப்படி நீளவில்லை. ‘பத்து வருஷம் கவலையில்லை’ என்று உட்கார்ந்துவிட்டு 80ஜி-யைக் கோட்டைவிடும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. புதுப்பிக்கும் விண்ணப்பம் காலாவதிக்கு ஆறு மாதத்துக்கு முன்பே போக வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம், 2025 நடப்புக்கு வந்து பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறிவிட்டதால், பழைய எண் அச்சடித்த ரசீதுப் புத்தகத்தை ஆடிட்டரிடம் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் செயலாளரின் தம்பி மருந்துக் கடை வைத்திருக்கிறார். இலவச முகாம்களுக்கு அவர்தான் தள்ளுபடியில் மருந்து தருகிறார். புதிதாகச் சேர்ந்த வக்கீல் அம்மா இதை நிறுத்தச் சொல்கிறார். நல்லது செய்வதில் தவறு என்ன?
(ஆம்பூர் வாசகர்)

பதில்: நிறுத்த வேண்டியதில்லை, நிரூபிக்கும்படி செய்ய வேண்டும். அந்த அம்மா கேட்டது சரியான கேள்வி; அதைக் கேட்கத்தான் அவரைக் குழுவில் வைத்திருக்கிறீர்கள்.

அறங்காவலர், நிர்வாகி, அவர்களின் உறவினர், அவர்களுக்குக் கணிசமான பங்கு உள்ள வியாபாரம், இவர்களுக்கு அறக்கட்டளைப் பணத்தால் ஆதாயம் போகக் கூடாது என்பது வருமான வரிச் சட்டத்தின் அடிப்படை விதி. உடன்பிறந்தவர் உறவினர்தான். நியாயமான சந்தை விலைக்கு வாங்கினால் ஆதாயம் என்று ஆகாது. அதற்கு மேல் கொடுத்திருந்தால் கூடுதலாகப் போன தொகைக்கு 30 சதவீத வரி விழும். அது போக, முதல் தடவை அந்தத் தொகை அளவுக்கே அபராதமும், மறுபடி நடந்தால் இரண்டு மடங்கும் விதிக்க இடம் இருக்கிறது.

‘தள்ளுபடி’ என்று பில்லில் இருப்பதால் எதுவும் நிரூபணமாகாது. எம்.ஆர்.பி.யில் 15 சதவீதம் கழித்துத் தருகிறார் என்று வையுங்கள். ஜெனரிக் மருந்துகளில் எம்.ஆர்.பி.க்கும் மொத்த விலைக்கும் உள்ள இடைவெளி அதைவிடப் பல மடங்கு இருக்கலாம். எனவே மொத்த வியாபாரிகள் இரண்டு பேரிடமும் சேர்த்து மூன்று கொட்டேஷன் வாங்குங்கள். மருந்தின் வேதிப்பெயர், மில்லிகிராம், பட்டையில் எத்தனை மாத்திரை, இவை மூன்றிலும் ஒன்றாக இருந்தால்தான் ஒப்பிட முடியும். முகாம் நாளில் குறைந்தது எத்தனை மாதம் காலாவதி மீதம் இருக்க வேண்டும் என்பதையும் கொட்டேஷன் கேட்கும்போதே எழுதிவிடுங்கள்; ஆறு மாதம் என்று வைத்தால் நியாயம். எழுதாவிட்டால் கடையில் தேங்கிய குறுகிய காலச் சரக்கு முகாமுக்கு வந்து சேரும். சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மூன்று மாத மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்புகிறீர்கள். இரண்டாவது மாதமே அது காலாவதியானால் அந்த ஆளுக்கு யார் பொறுப்பு? பில்லில் பேட்ச் எண்ணும் காலாவதி மாதமும் இல்லாமல் பணம் போகக் கூடாது.

விலையை முடிவு செய்யும் கூட்டத்தில் செயலாளர் வெளியே இருக்க வேண்டும். ‘உறவு தெரிவிக்கப்பட்டது, செயலாளர் கலந்துகொள்ளவில்லை, மூன்று கொட்டேஷனில் குறைந்தது இது’ என்று மினிட்ஸில் மூன்று வரி. தம்பியின் விலைதான் குறைவு என்றால் அவரிடமே தைரியமாக வாங்குங்கள்.

கேள்வி: கிளினிக்கை மூடும் ஒருவர் தம் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் மெஷினை எங்கள் அறக்கட்டளைக்கு இலவசமாகத் தருகிறார். வேனில் வைத்துக் கிராமம் கிராமமாகப் போகத் திட்டம். நன்கொடைப் பத்திரம் எழுதினால் போதுமா?
(குடியாத்தம் வாசகர்)

பதில்: போதாது. மெஷினை இன்னும் எடுத்து வராதிருந்தால், எடுக்காதீர்கள்.

கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் ஸ்கேன் மெஷினுக்கும் பொருந்தும். பதிவு இல்லாத இடத்துக்கு விற்பது மட்டுமல்ல, இலவசமாகக் கொடுப்பதும் குற்றம். முதலில் உங்கள் அமைப்பு மாவட்ட அதிகாரியிடம் படிவம் ‘ஏ’ கொடுத்துப் பதிவு பெற வேண்டும். இடம், மெஷினின் மாடல், சீரியல் எண், ஸ்கேன் செய்யப்போகும் தகுதி பெற்ற மருத்துவரின் பெயர் எல்லாம் அதில் வரும். பதிவு ஐந்து ஆண்டுக்கு. கொடுப்பவரும் தம் பதிவிலிருந்து மெஷின் போவதை அதிகாரிக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் ஸ்கேன் விவரத்தை எழுதும் படிவம் ‘எஃப்’. அந்தப் பதிவேடுகளை இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். பாலினம் சொல்லப்படாது என்ற அறிவிப்பு தமிழில் தொங்க வேண்டும். படிவம் ‘எஃப்’-இல் ஒரு கட்டம் விட்டுப்போனாலும் வழக்கு வரும், ‘எழுத்துப் பிழை’ என்ற பேச்சுக்கு அங்கே மதிப்பில்லை.

வேன் விஷயம் இன்னும் கடினம். கையடக்க மெஷினை வெளியே கொண்டுபோக 2012-இல் வந்த விதி மிகக் குறுகிய வழிதான் விட்டிருக்கிறது: பதிவு பெற்ற மருத்துவமனைக்குள் உள்நோயாளிக்கு, அல்லது பல மருத்துவச் சேவைகளையும் தரும் நடமாடும் மருத்துவப் பிரிவின் ஒரு பகுதியாக. ஸ்கேன் மட்டும் செய்யும் வேனுக்கு அனுமதி இல்லை. நேர்மையாகச் சொன்னால் சிறு அறக்கட்டளைக்கு இந்த மெஷின் வரமல்ல, சுமை. பதிவு பெற்ற ஸ்கேன் சென்டர் ஒன்றோடு ஒரு ஸ்கேனுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் போட்டுக் கர்ப்பிணிகளை அங்கே அனுப்புங்கள். எக்ஸ்ரே மெஷின் வந்தாலும் இதே எச்சரிக்கை; அதற்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும்.

கேள்வி: டயாலிசிஸுக்காக ஒரு தனியார் ஆஸ்பத்திரியோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போடப்போகிறோம். அவர்கள் ஒன்றரைப் பக்கத்தில் ஒரு வரைவு தந்திருக்கிறார்கள். குழுவில் உள்ள வக்கீல் பதினோரு பக்கம் ஆக்கிவிட்டார். அவ்வளவு தேவையா?
(சத்துவாச்சாரி வாசகர்)

பதில்: பக்கத்தை விடுங்கள். கீழே வருவதெல்லாம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வணிக வழக்கறிஞரால் அறக்கட்டளைக்குக் கிடைக்கும் முழுப் பலனும் இந்த ஒரு காகிதத்தில்தான் இருக்கிறது.

‘தேவைப்படும் நோயாளிகளுக்கு உதவி’ என்ற வரி இருந்தால் அடித்துவிடுங்கள். எத்தனை பேர், வாரத்துக்கு எத்தனை தடவை? ஒருவருக்கு வாரம் இரண்டு என்றால் ஆண்டுக்கு 104. மூன்று என்றால் 156. இருபது பேருக்கு 2,080, அல்லது 3,120. மருத்துவர் ‘இனி மூன்று’ என்று எழுதிய அன்றே உங்கள் செலவு பாதிக்குப் பாதி ஏறிவிடும். மறுப்பது நோயாளிக்குக் கேடு. எனவே மொத்த எண்ணிக்கைக்கு ஒரு மேல்வரம்பும், வரம்பு நெருங்கும்போது ஆஸ்பத்திரி உங்களுக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும் என்ற வரியும் வேண்டும்.

ஒரு தடவைக்கு இவ்வளவு என்ற விலையில் என்னென்ன அடக்கம்? ரத்தத்தை வடிகட்டும் டயலைசர் ஒருமுறை மட்டும் பயன்படுத்துவதா, சுத்தம் செய்து அதே நோயாளிக்கு மறுபடி பயன்படுத்துவதா? ரத்தக் குழாய் செட், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் சேருமா? ரத்தசோகைக்குப் போடும் எரித்ரோபாய்டின் ஊசி யார் கணக்கு? மஞ்சள் காமாலை (ஹெப்பட்டைட்டிஸ்) பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனைகள் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, யார் செலவு? ஹெப்பட்டைட்டிஸ் பி உள்ளவருக்குத் தனி மெஷின் வேண்டும். அந்த மெஷின் அவர்களிடம் இல்லையென்றால் அவரை எங்கே அனுப்புவார்கள்? இவை எழுதப்படாத ஒப்பந்தத்தில், விலை குறைவாகத் தெரிந்து பில் அதிகமாக வரும். இந்தப் பகுதியை வக்கீல் தனியாக எழுத முடியாது, டயாலிசிஸ் டெக்னீஷியன் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை உண்டு, டயாலிசிஸும் சேரும். அட்டை இருப்பவருக்கு முதலில் அதைப் பயன்படுத்துவது, மீதிக்கு மட்டும் அறக்கட்டளை என்று வரிசை எழுதுங்கள். ஒரே சிகிச்சைக்குத் திட்டத்திலும் உங்களிடமும் பில் போடுவதில்லை என்று ஆஸ்பத்திரி உறுதி தர வேண்டும். பில் நகல்களைச் சரிபார்க்கும் உரிமையும் உங்களுக்கு வேண்டும்.

சிகிச்சையில் ஏற்படும் குறைக்கு ஆஸ்பத்திரியே பொறுப்பு என்ற வரி, அதற்கான காப்பீட்டு நகல். ஒப்பந்தத்தை முடிக்க வழக்கமாக எழுதும் முப்பது நாள் நோட்டீஸ் டயாலிசிஸ் நோயாளிக்கு ஆபத்து, மூன்று தடவை தவறினால் உயிருக்கே போராட்டம். தொண்ணூறு நாள் போடுங்கள்; மாற்று இடம் கிடைக்கும் வரை பழைய விலையில் தொடர வேண்டும் என்றும் எழுதுங்கள்.

தகராறு வந்தால் ‘அறக்கட்டளையின் வக்கீல் அறங்காவலரே மத்தியஸ்தர்’ என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. செல்லாது. 1996-ஆம் ஆண்டு நடுவர் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி ஒரு தரப்பின் நிர்வாகத்தில் இருப்பவர் நடுவராக முடியாது. இடம் வேலூர் என்று மட்டும் எழுதிப் பொதுவான ஒருவருக்கு வழி விடுங்கள். 20 ரூபாய் முத்திரைத்தாள் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், தமிழ்நாட்டில் 2024-இல் ஒப்பந்தக் கட்டணம் 200 ரூபாயாக உயர்ந்துவிட்டது.

கேள்வி: தோல் கம்பெனி ஒன்று சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) நிதி தர முன்வருகிறது. அவர்கள் தொழிலாளர்களுக்கு மட்டும் முகாம் நடத்தச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
(பேரணாம்பட்டு வாசகர்)

பதில்: தொழிலாளர்களுக்கு மட்டும் என்றால் அது சி.எஸ்.ஆர். ஆகாது, விதியே விலக்கியிருக்கிறது. ஊர் முழுவதற்கும் நடத்தி, அதில் அவர்களும் வந்தால் தடையில்லை. உங்களுக்குப் படிவம் சி.எஸ்.ஆர்-1 பதிவும் 12ஏ, 80ஜி-யும் இருக்க வேண்டும். பணம் மார்ச் கடைசி வாரம் வந்தால் ஆண்டு முடிவதற்குள் செலவழிக்க முடியாது, எனவே தொடர் திட்டமா என்பதைக் கடிதத்திலேயே கேளுங்கள்.

இங்கே இன்னொரு கணக்கும் உண்டு. பாலாற்றங்கரைத் தோல் கழிவுநீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று நம் ஊர் வழக்கில் அறிவிக்கப்பட்டது. தோல் நோயும் சுவாச நோயும் வந்தவர்களைப் பார்க்கும் முகாமுக்கு அந்தத் தொழிலிலிருந்தே பணம் வரும்போது, முகாமில் கண்டதை வெளியிடக் கூடாது என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் ஒளிந்திருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். இருந்தால் வாங்காதீர்கள். அந்தக் கம்பெனி குழு வக்கீலின் கட்சிக்காரர் என்றால் அவர் அந்தக் கூட்டத்தில் இருக்கவே கூடாது.

கேள்வி: துபாயில் இருக்கும் என் மச்சான் இரண்டு லட்சம் அனுப்புகிறேன் என்கிறார். கனடாவில் குடியுரிமை வாங்கிவிட்ட அண்ணனும் தருகிறேன் என்கிறார். எங்களுக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இல்லை. வாங்கலாமா?
(மேல்விஷாரம் வாசகர்)

பதில்: மச்சானிடம் இந்திய பாஸ்போர்ட் இருந்தால் அவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலையும் வங்கி விவரத்தையும் கோப்பில் வையுங்கள். அண்ணனுடையது வெளிநாட்டு நன்கொடைதான், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) இருந்தாலும், ஊருக்கு வந்து ரூபாயாகக் கையில் கொடுத்தாலும் அப்படித்தான். ‘தம்பி கணக்கில் போடுகிறேன், நீ கொடுத்துவிடு’ என்ற வழிக்குப் போகவே வேண்டாம். பதிவு பெற மூன்று ஆண்டுச் செயல்பாடும், அந்த மூன்று ஆண்டில் நோக்கத்துக்காகப் பதினைந்து லட்சம் செலவும் காட்ட வேண்டும். பணம் முதலில் புதுதில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் இறங்கும். ஒருவரின் ஒரு தொகைக்காக மட்டும் முன் அனுமதி கேட்கவும் வழி இருக்கிறது.

கேள்வி: முகாமில் எடுத்த நோயாளிகளின் படங்களை வாட்ஸ்அப்பில் போட்டால்தான் நன்கொடை வருகிறது. வக்கீல் தடுக்கிறார்.
(வாணியம்பாடி வாசகர்)

பதில்: வக்கீல் பக்கம்தான் நாங்களும். எச்.ஐ.வி. உள்ளவரின் நிலையை அவர் ஒப்புதல் இல்லாமல் வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மனநல நோயாளியின் படத்துக்கும் அதே ஆண்டின் மனநலச் சட்டம் தடை போடுகிறது. மற்றவர்களுக்கும் தமிழில் ஒரு தாள் ஒப்புதல் வாங்குங்கள்: எந்தப் படம், எங்கே, எத்தனை நாள், மனம் மாறினால் யாரிடம் சொல்வது. மருந்து வாங்க வரிசையில் நிற்கும்போது அந்தத் தாளை நீட்டாதீர்கள். கையெழுத்துப் போட்டால்தான் மாத்திரை என்றே அவர் நினைப்பார். சிகிச்சை முடிந்து கிளம்பும்போது, வேறொருவர் கேட்க வேண்டும். முகம் தெரியாமல் கையை மட்டும் எடுத்த படத்துக்கும் நன்கொடை வரும்.

கேள்வி: நான் வழக்கறிஞர். நான்கு ஆண்டாக அறங்காவலராக இருக்கிறேன். நிறுவனர் யார் பேச்சையும் கேட்பதில்லை. நான் எதிர்த்த தீர்மானங்களும் ஒருமனதாக நிறைவேறியதாகவே மினிட்ஸில் இருக்கின்றன. விலகிவிட்டால் பொறுப்பு தீர்ந்துவிடுமா?
(ஆற்காடு வாசகர்)

பதில்: விலகுவதற்கு முன் மினிட்ஸைத் திருத்தப் பாருங்கள். எந்தத் தேதிக் கூட்டம், எந்தத் தீர்மானம், நீங்கள் என்ன சொல்லி எதிர்த்தீர்கள் என்று கடிதம் எழுதி, அடுத்த கூட்டத்தில் முந்தைய மினிட்ஸை உறுதி செய்வதற்கு முன்பே பதிவுத் தபாலில் சேருங்கள். மின்னஞ்சலிலும் எல்லா அறங்காவலருக்கும் ஒன்று. அவர்கள் புத்தகத்தில் ஏற்றாவிட்டாலும் உங்கள் எதிர்ப்புக்குத் தேதியோடு சாட்சி கிடைத்துவிடும்.

அறக்கட்டளையில் ராஜினாமாக் கடிதம் கொடுத்ததும் பதவி போய்விடாது. பத்திரத்தில் விலகும் வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பொறுப்பை ஏற்ற அறங்காவலர், பத்திரம் இடம் தந்தாலோ நீதிமன்றம் அனுமதித்தாலோதான் கழன்றுகொள்ள முடியும் என்பதே அடிப்படை. சங்கமாக இருந்தால் படிவம் 7 போனதா என்று நீங்களே பதிவாளர் அலுவலகத்தில் நகல் எடுத்துப் பாருங்கள். கம்பெனி என்றால் இயக்குநர் மாற்றத்தைத் தெரிவிக்கும் படிவம் டி.ஐ.ஆர்-12-ஐ அவர்கள் தாக்கல் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் விலகும் இயக்குநர் தாமே தெரிவிக்கும் டி.ஐ.ஆர்-11-ஐ நீங்கள் போடலாம். எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இருந்தால் நிர்வாகி மாற்றத்தை 45 நாளுக்குள் தெரிவிக்கச் சொல்லிக் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். விலகும் நாள் வரை நடந்தவற்றுக்கு உங்கள் பொறுப்பு தொடரும். நிலுவையில் உள்ள பில், வழக்கு, வரி நோட்டீஸ் என்னென்ன என்று ஒரு பட்டியல் எழுதி ஒப்படைத்து, செயலாளரிடம் ஏற்புக் கையெழுத்து வாங்குங்கள்.

வங்கிக்குத் தனிக் கடிதம் கொடுங்கள். வருமான வரித் தளத்திலும் மற்ற அரசுத் தளங்களிலும் உங்கள் கைபேசி எண்தான் இன்னும் ஓ.டி.பி.க்குப் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து மாற்றச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் எடுத்த டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் ஆடிட்டர் அலுவலக மேசை டிராயரில் கிடந்தால், அதை அன்றே கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.